மானாவாரி நிலத்தில் ஆவாரை: முளைக்காத விதை, கருகும் கன்று, இலை தின்னும் புழு

கேள்வி சுருக்கமாக இது. தமிழ்நாட்டின் வறண்ட பகுதியில் அரை ஏக்கர் செம்மண் புன்செய். கிணறும் இல்லை, போர்வெல்லும் இல்லை. தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் பயன்படும்படி ஆவாரை வளர்க்க ஆசை. இரண்டு முறை விதை போட்டும் முளைக்கவில்லை. வாங்கி நட்ட கன்றுகள் முதல் கோடையிலேயே கருகிவிட்டன. பிழைத்த நாலைந்து செடிகளில் பச்சைப் புழு விழுந்து இலையை மொட்டையடித்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எந்த மருந்தும் அடிக்காதீர்கள். நீங்கள் வரவேற்க நினைக்கும் பட்டாம்பூச்சியின் பிள்ளைப் பருவம்தான் அந்தப் பச்சைப் புழு. வேப்பெண்ணெய்க் கரைசலும் அதைக் கொல்லும், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற உயிரியல் மருந்தும் கொல்லும். 'இயற்கை மருந்து' என்று எழுதியிருப்பதால் புழுவுக்கு எந்த வேறுபாடும் இல்லை. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு, வளர்ப்பது சரியான செடிதானா என்று பார்த்துவிட வேண்டும்.

மஞ்சள் பூ என்பதை மட்டும் வைத்து ஆவாரை என்று கன்று வாங்குவதில்தான் பாதிக் குழப்பம். ஆவாரையின் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய நூல்களில் கேசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். ஆரிகுலேட்டா என்பதற்குக் 'காதுடையது' என்று பொருள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி அகன்ற இலையடிச் செதில் ஒட்டிக்கொண்டு, இலை முற்றிய பிறகும் உதிராமல் நிற்கும். இது இருந்தால் ஆவாரை. கூட்டிலையில் பெரும்பாலும் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே நடுநரம்பின் மேல் குச்சி போல ஒரு சிறு சுரப்பி நிற்கும். நெற்று தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கும்; உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் வெளியே மேடாகத் தெரியும்.

நிலவாகை, பேயாவரை, ஊசித்தகரை எல்லாம் இதே சென்னா இனம்தான். மூன்று ஜோடிச் சிற்றிலையும் நீண்டு வளைந்த ஊசி போன்ற காயும் இருந்தால் அது ஊசித்தகரை. இலையைக் கசக்கினால் நாற்றமடித்து, சிற்றிலைகள் பெரிதாகக் கூராக நாலைந்து ஜோடி மட்டும் இருந்தால் பேயாவரை. நிலவாகைக்குக் காய் குட்டையாக அகன்று வளைந்திருக்கும். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்தை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முதுமலை, வயநாடு காடுகளில் பரவி, உள்ளூர்ச் செடிகளை மூடி, வனத்துறையே வேரோடு அகற்றிக்கொண்டிருக்கும் மரம். அதன் நெற்று உருண்டு நீண்டிருக்கும். அடையாளம் காண்பது எளிது.

இனி முக்கியமான விஷயம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. இது தெரியாமல் தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆவாரை மட்டும் நட்டுவிட்டு, ஈ வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் நிறைய. இந்தப் பூ கொடுப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் எல்லோருக்கும் கொடுக்காது.

ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ்கள், ஆரஞ்சு நரம்போடு. நடுவில் பத்து கேசரங்கள், அதாவது மகரந்தப் பை தாங்கும் காம்புகள், ஆனால் ஒரே அளவில் இல்லை. மேலே மூன்று மலடானவை, சிறுத்துப் போனவை. கீழே வளைந்து நீளும் பெரியவை தனியாகத் தெரியும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை பக்கவாட்டில் பிளந்து தூளை வெளியே காட்டும். ஆவாரையில் பை பிளக்காது; நுனியில் ஊசித் துளை மாதிரி ஒரு திறப்பு மட்டும் இருக்கும். மிளகுத்தூள் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். அந்தக் குலுக்கலைச் செய்வது கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ. கூடவே நீல வரித் தேனீ மாதிரித் தனித்து வாழும் சில தேனீக்களும் செய்யும். தேனீ கேசரத்தைக் காலாலும் தாடையாலும் கவ்விக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடச் சுருதி கூடிய ஒரு சத்தம், அரை நொடி, ஒரு நொடி மட்டும் கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் புகை போல வெளியே வரும். நடுவில் இருக்கும் குட்டைக் கேசரத்தின் தூளைத் தேனீ தன் குஞ்சுகளுக்கு எடுத்துக்கொள்ளும். நீண்ட கேசரத்தின் தூள், அது காலால் துடைத்து எடுக்க முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடிக்குப் போகும்.

இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. காலையில் விரிந்த பூவுக்குக் கீழே கறுப்புத் தாளைப் பிடியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவையைத் தட்டி, அதன் நுனியைக் கேசரத்தில் தொடுங்கள். தாளில் மஞ்சள் பொடி தெறிக்கும். பேட்டரியில் ஓடும் பல் துலக்கியின் பின்பக்கமும் இதே வேலையைச் செய்யும். கையால் தட்டினால் ஏறக்குறைய ஒன்றும் வராது.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ எதற்கும் இந்த அதிர்வு வித்தை தெரியாது. கருவண்டு வந்துபோன பூவில் இதழ் மேல் சிந்திய தூளைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அதனால் ஆவாரை நடுவது என்பது முதலில் தனித்து வாழும் தேனீக்களுக்குச் செய்யும் உதவி. அவற்றுக்குக் கூடு கட்ட இடமும், பறக்கத் தேவையான தேனும் அதே நிலத்தில் கிடைக்க வேண்டும். அதைச் சேர்த்துத் திட்டமிட்டால்தான் உங்கள் அரை ஏக்கருக்கு முழுப் பயன்.

இனி விதை. முளைக்காததற்குக் காரணம் விதை கெட்டது என்று எண்ண வேண்டாம். ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. வறண்ட நிலத்துச் செடிக்கு இது தற்காப்பு: ஒரு மழைக்கே எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்து மழை பொய்க்கும்போது மொத்த வம்சமும் போய்விடும். அதனால் கொஞ்சம் இந்த ஆண்டு, கொஞ்சம் அடுத்த ஆண்டு, மீதி அதற்கும் அடுத்த ஆண்டு என்று முளைக்கும். நமக்கு ஒரே பருவத்தில் வேண்டுமென்றால் தோலை நாம்தான் திறந்துவிட வேண்டும்.

நூறு விதை என்றால் உப்புத்தாள்தான் நல்லது. 100 அல்லது 120 எண் தாள் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு பிடி விதையை வைத்து வட்டமாகத் தேயுங்கள். பளபளப்பு போய், அரக்கு நிறத் தோலில் வெளிறிய கீறல் தெரிந்தால் போதும். உள்ளே பருப்பு தெரியும் அளவுக்குத் தேய்த்தால் முளை அடிபடும், பூஞ்சையும் ஏறும். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள்.

விதை நிறைய இருந்தால் வெந்நீர் முறை. விதையின் அளவைப் போலப் பத்து மடங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்க ஓரிரு நிமிடம் விட்டு, விதையைப் போட்டு அப்படியே ஆற விடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். அடுப்பிலேயே வைத்து வேக வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அதில் விதை வெந்து செத்துவிடும். தண்ணீரைக் குறைவாக எடுத்தால் சீக்கிரம் ஆறிப்போய்த் தோல் திறக்காது.

காலையில் பார்த்தால் இரண்டு வகை கிடக்கும். தண்ணீர் குடித்து உப்பியவை ஏறக்குறைய இரு மடங்கு பருத்து, தோல் மங்கி இருக்கும். மற்றவை போட்டபோது இருந்த மாதிரியே சிறுத்து மினுங்கும். உப்பியதை அன்றே விதைக்க வேண்டும், மறுபடி காய விடக் கூடாது. உப்பாததை எறியாமல் உப்புத்தாளில் தேய்த்து இன்னோர் இரவு ஊற வையுங்கள். மிதப்பதையும், பட்டாணி வண்டு துளைத்ததையும் மட்டும் கழித்துவிடுங்கள். வாங்கிய விதையாக இருந்தால் முதலில் பத்தை மட்டும் தேய்த்து ஊற வைத்து ஈரத் துணியில் சுற்றிப் பாருங்கள். பத்து நாளில் ஆறு முளைத்தால் நல்ல விதை.

நீங்களே விதை எடுப்பது இன்னும் நல்லது. ஐப்பசி முதல் தை வரை கொத்துக் கொத்தாய்ப் பூத்தது மாசி, பங்குனியில் நெற்றாகும். பழுப்பாகிக் குலுக்கினால் சலசலக்கும் நெற்றை எடுங்கள். பச்சையில் பறித்தது முளைக்காது. பத்து, பதினைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாய்ச் செடியிலிருந்து எடுத்தால் நிலம் முழுக்க அக்காள் தங்கைகளாகவே இருக்கும், ஒன்றுக்கு வரும் குறை எல்லாவற்றுக்கும் வரும். உங்கள் நிலத்துக்கு அருகில், அதே மாதிரி மண்ணில் தானாக வளர்ந்த செடி இருந்தால் அதுதான் சிறந்த விதை. நிழலில் உலர்த்தி, உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். நெற்றாகவே சேமித்தால் உள்ளே இருக்கும் வண்டு மாசியில் ஒன்று, ஆனியில் நூறு ஆகும்.

கன்று ஏன் கருகியது? ஆவாரைக்கு வறட்சியைத் தாங்கும் சக்தி இலையில் இல்லை, ஆணிவேரில் இருக்கிறது. சிறிய பையில் ஆறு மாதம், ஒரு வருடம் வைத்திருந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, சுருண்டு, வளையமாகியிருக்கும். நட்ட பிறகும் அது அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றும். மழை இருக்கும் வரை மேலே பச்சையாகத் தெரியும்; பங்குனியில் மேல்மண் காய்ந்ததும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் பையின் வடிவத்திலேயே வேர் வரும். அதுதான் சாட்சி.

தண்ணீர் வசதி இல்லாத உங்கள் நிலத்துக்கு நேரடி விதைப்புதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. இலை இரண்டு விடுவதற்குள்ளேயே ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிவிடும். மழைக்காலம் முழுக்க ஈரத்தைத் துரத்திக்கொண்டே போகும். பைக் கன்று, விட்டுப்போன இடத்தை நிரப்ப மட்டும்.

விதைக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை, அதாவது புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசி முதல் பாதி. ஒரு தூறலை நம்பாதீர்கள். கடப்பாரையைக் குத்திப் பார்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் இருந்தால் விதையுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்திக் களை எடுங்கள். நிலம் சரிவாக இருந்தால் பள்ளத்துப் பக்கம் பிறை வடிவில் முழங்கை உயரக் கரை அணையுங்கள். ஓடும் மழைநீர் அங்கே நின்று இறங்கும். ஒரு குழிக்கு ஊறிய விதை நான்கு, ஒன்றுக்கொன்று நாலு விரல் தள்ளி, விரல் நகம் புதையும் ஆழத்தில், அதாவது ஒரு சென்டிமீட்டர். அதற்கு மேல் ஆழம் போனால், செம்மண் மழையில் இறுகிப் பாளமாகிவிட்ட பிறகு முளை மேலே வர முடியாது. மேலே ஒரு பிடி மணல் தூவிவிட்டால் பாளம் கட்டாது.

ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஒரு மாதம் கழித்து நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் தரையோடு நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. குழியில் தொழு எருவும் மண்புழு உரமும் போட்டு நடச் சொல்வார்கள். ஆவாரைக்கு வேண்டாம். சரளையிலும் சுக்கான் கலந்த மண்ணிலும் தானே வளரும் செடிக்குச் சத்து கூடினால் தண்டு நீண்டு, இலை தழைத்து, பூ குறையும். நீண்ட இளந்தண்டு முதல் கோடையில் வாடும். குழி மண்ணையே திருப்பிப் போடுங்கள். இன்னொன்று: அவரைக் குடும்பம்தானே என்று ரைசோபியம் கலந்து விதைக்க வேண்டியதில்லை. சென்னா இனத்துக்கு வேர் முடிச்சு கிடையாது. அந்தப் பாக்டீரியாவுக்கு இங்கே வேலை இல்லை. காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் கொழிஞ்சி விதையுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

பையில் வளர்ப்பதென்றால் ஆடியில் போட்டு ஐப்பசியில் நட்டுவிட வேண்டும். 60 முதல் 75 நாள். அதற்கு மேல் ஒரு வாரம்கூட வைக்காதீர்கள். பை பத்து அங்குல உயரம் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு. தரையில் அடுக்காமல் செங்கல் மேல் பலகையோ கம்பி வலையோ போட்டு அதன் மேல் அடுக்கினால், அடியில் வெளியே வரும் வேர் காற்றுப் பட்டு நின்றுவிடும், சுருளாது. நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் கறுத்துச் சரிந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள்; மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். கடைசி இரண்டு வாரம் முழு வெயிலில் வைத்துத் தண்ணீரைக் குறைத்துப் பழக்குங்கள்.

எத்தனை செடி? அரை ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 45 மீட்டர். முழுவதையும் ஆவாரையால் நிரப்ப வேண்டாம். ஐந்து முதல் ஏழு செடி கொண்ட திட்டுகள் ஆறு இடத்தில், செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில். இதிலேயே நாற்பது செடி ஆகிவிடும். தேனீ ஒரு பூவிலிருந்து அடுத்ததுக்கு அலையாமல் போக இந்தத் திட்டு முறைதான் உதவும். வேலியாகவும் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் மட்டும் மீட்டருக்கு ஒன்று. இதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். காரணம் முதல் கோடைத் தண்ணீர்.

நேரடி விதைப்பில் முளைத்ததற்கும் முதல் கோடையில், மாசியிலிருந்து வைகாசி வரை கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். செடிக்கு 10 லிட்டர், பத்து நாளுக்கு ஒரு முறை. நாற்பது செடிக்கு 400 லிட்டர், அதாவது இரண்டு டிரம். இதை வண்டியில் கொண்டுவர முடியும். எண்பது செடிக்கு என்றால் பாதியில் கை விட்டுவிடுவீர்கள். இன்னும் சிக்கனமாக வேண்டுமென்றால் மூன்று, நான்கு லிட்டர் கொள்ளும், மெருகு பூசாத மண்பானையைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடுங்கள். ஒரு வாரம் கசியும், வெயிலில் ஆவியாகாது. தினமும் ஒரு குவளை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. வேர் ஈரத்தைத் தேடி மேலே வந்து படர்ந்துவிடும். நீங்கள் நாலு நாள் ஊருக்குப் போனால் செடி போய்விடும். மழைக்காலத்தில் அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தால் நீர் தேங்குகிறது என்று பொருள். பாத்திக் கரையை ஓரிடத்தில் வெட்டிவிடுங்கள். மூடாக்குக்குச் சருகைவிட உள்ளங்கை அளவுக் கற்கள் நல்லது. செம்மண்ணில் சருகு கறையானை அழைக்கும். முதல் ஆண்டு ஆடு மாடு மிதிக்காமல் முள் கட்டுங்கள். இரண்டாம் கோடையில் மாதம் ஒரு முறை தண்ணீர். மூன்றாம் ஆண்டு முதல் ஒன்றும் வேண்டாம்.

இப்போது புழுவுக்கு வருவோம். கெட்டாப்சிலியா இனத்துப் பட்டாம்பூச்சிகள், எலுமிச்சை மஞ்சளிலும் பச்சை கலந்த வெள்ளையிலும் வேகமாகப் பறக்கும் நடுத்தர அளவுப் பூச்சிகள், சென்னா, கொன்றை வகை இலைகளில்தான் முட்டையிடும். இளந்துளிர் மேல் அரிசி நொய்யைச் செங்குத்தாக நிறுத்தினாற்போல ஒற்றை ஒற்றையாக வெள்ளை முட்டை இருக்கும். புழு இலை நிறமே; பக்கவாட்டில் ஒரு வெளிர்க் கோடு ஓடும், அதன் மேல் கருப்புப் புள்ளிகள். நடுநரம்போடு ஒட்டிக் கிடந்தால் கண் அங்கேயே நின்றாலும் தெரியாது. கீழே சின்ன உருண்டை எச்சம் கிடப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். முட்டை முதல் பட்டாம்பூச்சி வரை மூன்று, நான்கு வாரம். தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சியும் இதில் முட்டையிடும்.

வளர்ந்த செடி இலை முழுக்கப் போனாலும் மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். ஆபத்து ஒரு வயதுக்கு உட்பட்ட, முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள செடிக்கு மட்டும். அதில் ஐந்தாறு புழுக்கு மேல் இருந்தால் இலையோடு கிள்ளிப் பெரிய செடிக்கு மாற்றுங்கள், அல்லது செடியைக் கொசுவலையால் மூடுங்கள். நடுநரம்பில் இருக்கும் சுரப்பிகளில் எறும்பு வரும். அதையும் விரட்ட வேண்டாம், முட்டைகளையும் சிறு புழுக்களையும் அது ஓரளவு கட்டுப்படுத்தும். மாவுப்பூச்சியை எறும்பு பாதுகாப்பதாகத் தெரிந்தால் மட்டும், அந்தக் கிளையைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். பக்கத்து வயலில் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அடிக்கும் வழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தில் திட்டு வைக்காதீர்கள். பூவில் படிந்த மருந்து மகரந்தத்தோடு கூட்டுக்குள் போகும்.

பூ நிறைய, காய் இல்லை என்றால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள். அதிர வைக்கும் தேனீ வரவில்லை என்று பொருள். அப்போதுதான் கூடு பற்றிய பேச்சு வரும். கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும். செத்த வேம்பு, முருங்கைக் கட்டையை எரிக்காமல் ஒரு மூலையில் நிறுத்தி வையுங்கள். உள்விட்டம் 12 முதல் 15 மில்லிமீட்டர் உள்ள காய்ந்த மூங்கிலை, ஒரு முனை கணுவால் மூடியிருக்கும்படி ஓர் அடி நீளத்துக்கு நறுக்கி, பத்தை ஒன்றாகக் கட்டி, மழை படாத இடத்தில் இடுப்புயரத்துக்கு மேல் படுக்கை வாட்டில் அசையாமல் கட்டுங்கள். நீல வரித் தேனீ மண்ணில் துளையிடும். அதற்கு ஒரு கரைச்சரிவையோ பத்தடிக்குப் பத்தடி வெற்று மண்ணையோ உழாமல், மூடாக்குப் போடாமல் விட்டுவிடுங்கள். மண் சுவரின் இடிந்த துண்டு இருந்தால் அதுவும் அதற்கு வீடு.

தேனுக்கு: மழைக்குப் பின் தானே முளைக்கும் தும்பையைக் களை என்று எடுக்காதீர்கள். அதன் ஒவ்வொரு வெள்ளைப் பூவிலும் துளித் தேன் உண்டு. எல்லா வகைத் தேனீயும் வரும். கொழிஞ்சிக்கும் விதைத்தோல் கடினம், இதே உப்புத்தாள் வைத்தியம் செய்து திட்டுகளுக்கு இடையே தூவுங்கள். வேர் முடிச்சோடு மண்ணையும் வளப்படுத்தும், இலைவெட்டித் தேனீக்கள் அதன் ஊதாப் பூவுக்கு வரும். எருக்கு ஓரிரண்டு போதும். கருவண்டுக்குத் தேன், வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு இலை. துத்தி, விஷ்ணுகிராந்தி, கிலுகிலுப்பை தானாக வந்தால் விட்டுவையுங்கள். உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்ப்பதைப் பார்த்து அதைச் சேர்க்க நினைப்பவர்கள் உண்டு. அது பரவினால் மேலே சொன்ன ஒன்றும் மிஞ்சாது.

கவாத்து. ஆவாரை புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். ஆறேழு ஆண்டு வெட்டாமல் விட்டால் அடி மரமாகி, நுனியில் மட்டும் கொஞ்சம் பூத்து நிற்கும். ஆனி, ஆடியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள்; மழைக்குப் புதுக்கிளை வந்து அதே பருவத்தில் பூக்கும். ஐப்பசிக்குப் பிறகு வெட்டினால் மொட்டைத்தான் வெட்டுவீர்கள். ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குச் செடியை மட்டும் வெட்டுங்கள், அப்போதுதான் புழுவுக்கு இலையும் தேனீக்குப் பூவும் எப்போதும் இருக்கும். வெட்டிய தடித்த குச்சிகளை அடுக்கி ஓரத்தில் போடுங்கள், சிறு தேனீக்கள் அதில் குடியேறும். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், வீட்டுக்குப் பூ எடுக்கவும் ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொய்யாதீர்கள். மார்கழி, தை மாதங்களில்தான் பூ மிகுதி, கருவண்டுக்கும் அதே மாதங்களில்தான் குஞ்சுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலை மும்முரம்.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் வெயில் ஏறும் நேரம், ஏழரை மணி வாக்கில் ஒரு திட்டின் அருகே பதினைந்து நிமிடம் உட்காருங்கள். பறக்கும் ரீங்காரத்துக்கு நடுவே அந்தச் சுருதி கூடிய விட்டு விட்டு வரும் சத்தம் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே திட்டில் நூறு பூவுக்கு நூல் கட்டி, மாசியில் எத்தனை நெற்று நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு எண்ணும் சிறியதாக இருந்தால் அடுத்த ஐப்பசியில் செடியைக் கூட்டாமல், மூங்கில் கட்டையும் தும்பையையும் கூட்டுங்கள்.